இன்ஜின் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்: ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் செடான்கள், வாசகர் கேள்வி–பதில்

கேள்விகள் நிறைய வந்திருந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். விலை, மைலேஜ் பற்றிக் கேட்டவர்களுக்கு இன்னொரு முறை பதில் சொல்கிறேன். இந்த முறை எல்லாமே கார் எப்படித் திரும்புகிறது, ஏன் அப்படித் திரும்புகிறது என்பதைப் பற்றித்தான்.

கேள்வி: பிஎம்டபிள்யூ எம்3, மெர்சிடீஸ் ஏஎம்ஜி சி63, ஆல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோ. 2015–2020 காலத்தில் விற்ற மூன்றையும் எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட ஒரே அளவு, எல்லாமே ரியர் வீல் டிரைவ், பவரும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஓட்டியவர்கள் மூன்றும் மூன்று விதம் என்கிறார்கள். எதனால்?

பவரைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு முன்சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

நீங்கள் சொல்லும் எஃப்80 தலைமுறை எம்3-இல் முன்னால் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். சக்கரத்தை மேலே பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு ஆர்ம் கிடையாது, ஷாக் அப்சார்பரே அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. இடம் மிச்சம், எடையும் மிச்சம், நீளமான ஆறு சிலிண்டர் இன்ஜின் பக்கத்தில் வசதியாக அடங்கும். ஆனால் வளைவில் கார் வெளிப்பக்கம் சாயும்போது, பாரம் தாங்குகிற வெளிப்பக்க முன்சக்கரமும் காரோடு சேர்ந்து வெளியே சாய ஆரம்பிக்கிறது. டயரின் முழு அகலமும் தரையில் பதிவதற்குப் பதில் வெளி ஓரத்தில் பாரம் ஏறுகிறது, கிரிப் குறைகிறது. இது பிஎம்டபிள்யூ இன்ஜினீயர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால் அவர்கள் காரைச் சாயவே விடுவதில்லை: ஸ்பிரிங் கெட்டி, சாய்வைத் தடுக்கும் ஆன்டி ரோல் பார் என்ற கம்பியும் கெட்டி, சக்கரத்தை ஆரம்பத்திலேயே கொஞ்சம் உள்பக்கம் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். பின்னால் இன்னும் ஒரு படி மேலே போய், பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான ரியர் சப்ஃப்ரேமை, அதிர்வை வாங்கும் ரப்பர் புஷ் எதுவும் இல்லாமல் நேராக பாடியில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள். நல்ல ரோட்டில் அந்தக் கார் காட்டும் துல்லியம் அபாரம். மேடு பள்ளமான ரோட்டில், அதுவும் வளைவின் நடுவில் ஒரு மேடு வந்தால், பின்பக்கம் துள்ளுகிறது. ஒன்றைப் பெறுவதற்காகக் கொடுத்த விலை அது.

ஜூலியாவில் டபுள் விஷ்போன். மேலே குட்டையான ஆர்ம், கீழே நீளமான ஆர்ம். சக்கரம் மேலே ஏறும்போது மேல் ஆர்ம் அதன் தலையை உள்பக்கமாக இழுக்கிறது, அதனால் கார் சாய்ந்தாலும் டயர் தரையோடு தட்டையாக நிற்கிறது. கார் சாய்ந்தால் பரவாயில்லை என்றாகிவிட்டால் ஸ்பிரிங்கை அவ்வளவு கெட்டியாக வைக்கவும் தேவையில்லை. அதோடு கீழ் ஆர்மை ஒரே துண்டாக விடாமல் இரண்டு லிங்க்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கற்பனை அச்சைச் சக்கரத்தின் மையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவதற்கு. ஸ்டீயரிங் விகிதம் 11.8-க்கு 1. பெரும்பாலான செடான்களில் இது 14, 15 என்று இருக்கும். இவ்வளவு வேகமான ஸ்டீயரிங்கை இவ்வளவு மென்மையான சஸ்பென்ஷனோடு சேர்த்தால் கார் மூக்கை மட்டும் வெடுக்கென்று திருப்பிவிட்டுப் பின்பக்கம் தாமதமாக வரும் என்றுதான் யாரும் பயப்படுவார்கள். அப்படி ஆகவில்லை. முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் திரும்புகின்றன. ஃபெராரியிலிருந்து வந்த ஃபிலிப் க்ரீஃப் தலைமையில் புதிய பிளாட்ஃபார்மை முழுக்க முதலிலிருந்து வரைந்தார்கள். கார்பன் ஃபைபர் டிரைவ்ஷாஃப்ட், அலுமினியக் கதவுகள், குவாட்ரிஃபோலியோவில் கார்பன் பானெட், கார்பன் ரூஃப் என்று எடையை எங்கெங்கே எடுக்க வேண்டுமோ அங்கங்கே எடுத்தார்கள்.

சி63-இல் கதை இன்ஜினிலிருந்து தொடங்குகிறது. 4.0 லிட்டர் வி8, இரண்டு டர்போக்களும் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவில். சி63 எஸ்-இல் 700 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் 2,000 ஆர்பிஎம்மை ஒட்டியே வந்துவிடுகிறது. அந்தக் காரை நீங்கள் ஸ்டீயரிங்கால் வளைவுக்குள் அனுப்பி, ஆக்ஸிலரேட்டரால் வளைவிலிருந்து வெளியே எடுக்கிறீர்கள். அதற்கு ஏற்றபடிதான் மற்ற எல்லாம் டியூன் செய்யப்பட்டிருக்கிறது. மூன்றில் எது சிறந்த சேஸிஸ் என்று கேட்டால் தயங்காமல் ஜூலியா என்பேன்.

கேள்வி: 50:50 எடைப் பகிர்வு என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான், ஆனால் அந்த எண் பாதிக் கதையை மட்டும் சொல்கிறது. கார் நிற்கும்போது அளந்தது அது. பிரேக்கை அழுத்திய கணத்தில் எடை முன்னால் போய்விடுகிறது, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பின்னால் வருகிறது.

எடை முன்னும் பின்னும் எவ்வளவு என்பதோடு, அது காரின் நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கனமான பையை உடம்போடு அணைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள், பிறகு அதே பையைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள், வித்தியாசம் புரிந்துவிடும். இதற்கு நல்ல உதாரணம் ஆல்ஃபா 75. 1985-இல் வந்த அந்தக் காரில் இன்ஜின் முன்னால், கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்குப் பவரைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) மூன்றும் பின்னால். 1972-இன் ஆல்ஃபெட்டாவிலிருந்து வந்த ஏற்பாடு. பகிர்வு சமம், ஆனால் இரண்டு பெரிய எடைகளும் இரண்டு முனைகளில். அதனால் நீளமான வேக வளைவுகளில் நங்கூரம் போட்ட மாதிரி நிலையாகப் போகும், அடுத்தடுத்து இடமும் வலமும் வரும் திருப்பங்களில் ஒரு கணம் யோசிக்கும். பின்னால் டி டியான் ஆக்ஸில் (இரண்டு பின்சக்கரங்களையும் ஒரு குழாய் இணைக்கும், டிஃபரன்ஷியல் மட்டும் தனியாக பாடியில் இருக்கும்), பிரேக் டிஸ்க்குகளைச் சக்கரத்தில் வைக்காமல் டிஃபரன்ஷியலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள், சக்கரத்தோடு சேர்ந்து ஆடுகிற எடை குறையட்டும் என்று. கியர் லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் காரின் பாதி நீளத்துக்குக் கம்பி ஓடியதால் கியர் மாற்றுவது மட்டும் எப்போதும் சேற்றில் துழாவுவதாகவே இருந்தது.

பிஎம்டபிள்யூ அதே சமநிலைக்கு வேறு வழியில் வந்தது: இன்ஜினை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளி, முன்சக்கரத்தை முடிந்தவரை முன்னுக்கு நகர்த்தி. ஒரு 3 சீரிஸைப் பக்கவாட்டில் பார்த்தால் முன்கதவுக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் நீளமான இடைவெளி தெரியும், அதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: ஜெர்மனியின் நர்பர்க்ரிங் பந்தயத்தடத்தில் ஒரு சுற்றுக்கு எடுத்த நேரத்தை வைத்து எந்தக் கார் நல்ல கார் என்று முடிவு செய்யலாமா?

வேண்டாம். ஜூலியா குவாட்ரிஃபோலியோ 2016-இல் 7 நிமிடம் 32 விநாடி, ஜாகுவார் எக்ஸ்இ எஸ்வி புராஜெக்ட் 8 அடுத்த ஆண்டே 7 நிமிடம் 21 விநாடி. இரண்டும் பிரமாதமான நேரங்கள். ஆனால் அதில் டயரின் பங்கு எவ்வளவு, அன்றைய வெப்பநிலையின் பங்கு எவ்வளவு, ஓட்டியவரின் துணிச்சல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. 20 கிலோமீட்டருக்கு மேல் நீளம், மேடு, பள்ளம், குதித்து எழும் இடங்கள் என்று எல்லாம் இருப்பதால், சஸ்பென்ஷனை டியூன் செய்ய அருமையான இடம். ஓட்டுபவருக்கு ஒரு கார் என்ன சொல்கிறது என்பதை ஸ்டாப்வாட்ச் அளப்பதில்லை.

கேள்வி: ஆடி என்றாலே வளைவில் நேராகப் போகப் பார்க்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான்கு சக்கரங்களுக்கும் பவர் தரும் குவாட்ரோ இருந்தும் ஏன்?

குவாட்ரோவால்தான். இன்னும் சரியாகச் சொன்னால், குவாட்ரோவை உள்ளே பொருத்துவதற்காகச் செய்த ஏற்பாட்டால்.

பழைய ஏ4-இன் பானெட்டைத் திறந்து, இன்ஜின் எங்கே இருக்கிறது, முன்சக்கரத்தின் நடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இன்ஜின் முழுக்க முன் ஆக்ஸிலுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருக்கும். வரிசை இப்படி: இன்ஜின், பிறகு கிளட்ச், பிறகு முன்சக்கரங்களுக்கான டிஃபரன்ஷியல், பிறகு கியர்பாக்ஸ். டிஃபரன்ஷியல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் முன்சக்கரமும் இருக்க முடியும், ஆகவே இன்ஜின் மொத்தமும் அதற்கு முன்னால். வி8 போட்டால் கேட்கவே வேண்டாம். மூக்கு கனமான கார் திருப்பத்தில் நேராகப் போகத்தான் பார்க்கும், அதை அண்டர்ஸ்டீயர் என்கிறோம்.

இதைத் தெரிந்துகொண்டேதான் 2005–06-இல் பி7 தலைமுறை ஆர்எஸ்4-ஐக் கொண்டுவந்தார்கள். ஆர்எஸ்4 செடானாக வந்தது அந்த ஒரு தலைமுறையில்தான், அதனாலேயே எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். 4.2 லிட்டர் வி8, 420 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்), 8,000 ஆர்பிஎம்மைத் தாண்டிச் சுழலும். அதில் முன், பின் சக்கரங்களுக்குப் பவரைப் பிரிக்கும், நடுவிலிருந்த டார்சன் டிஃபரன்ஷியலை முன்னால் 40, பின்னால் 60 என்று பிரித்துக் கொடுக்கச் செய்தார்கள், முன்டயருக்குத் திருப்புகிற வேலை மட்டும் மிஞ்சட்டும் என்று. அப்புறம் டைனமிக் ரைடு கன்ட்ரோல். முன் இடது டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) பின் வலது டேம்பரும் ஒரு எண்ணெய்க் குழாயால் இணைந்திருக்கும், மற்ற மூலைவிட்டமும் அப்படியே, நடுவில் ஒரு வால்வ். வளைவில் ஒரு மூலை அமுங்கினால் அதன் எண்ணெய் எதிர்மூலையின் எண்ணெயோடு மோதி சாய்வைத் தடுக்கும். நேர்ரோட்டில் ஒரே ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்த எதிர்ப்பு வராது. கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் இல்லாமல், வெறும் எண்ணெயையும் வால்வையும் வைத்துச் செய்த வேலை இது. மூக்கின் கனத்தை அதனால் மாற்ற முடியாது, மறைக்கத்தான் முடியும். நன்றாகவே மறைத்தது.

உண்மையான மாற்றம் 2007-இல், பி8 ஏ4-இலும் ஏ5-இலும் வந்தது. டிஃபரன்ஷியலைக் கிளட்ச்சுக்கு முன்னால் நகர்த்தினார்கள். ஒரே ஒரு இடமாற்றம், முன் ஆக்ஸில் 154 மில்லிமீட்டர் முன்னால் போய்விட்டது. பதினைந்து சென்டிமீட்டர்! அதன் மேல் எஸ்4-இல் வந்த ஸ்போர்ட் டிஃபரன்ஷியல், பின்னால் வெளிப்பக்கச் சக்கரத்தைக் கூடுதல் கியர் வழியாக வேகமாகச் சுழற்றி, காரை வளைவுக்குள் தள்ளுகிறது. ஆடி அண்டர்ஸ்டீயர்தான் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் 2007-க்கு முந்தைய கார்களைப் பற்றிப் பேசுகிறார்கள். இன்றும் ஆடியில் ஸ்டீயரிங் வழியாக அதிகம் பேச்சு வராது, அது வேறு குறை.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் செடான் போட்டியைத் தொடங்கி வைத்தது முதல் எம்3-ஆ, மெர்சிடீஸ் 190இ 2.3-16-ஆ? என் நண்பனுக்கும் எனக்கும் வாக்குவாதம்.

190இ முந்தியது. எம்3 வருவதற்கு முன்பே, 1984 மே 12 அன்று, நர்பர்க்ரிங்கின் புதிய சர்க்யூட் திறப்பு விழாப் பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி 190இ 2.3-16 கொடுத்து ஓட விட்டார்கள். ஃபார்முலா 1 சாம்பியன்கள் பலர் இருந்த அந்தக் களத்தில் ஜெயித்தது, அப்போதுதான் ஃபார்முலா 1-க்கு வந்திருந்த அயர்ட்டன் சென்னா. இரண்டாவது நிக்கி லாடா. எம்3 விற்பனைக்கு வந்தது 1986-இல். அதுவும் இரண்டு கதவுதான். எம்3-க்கு நான்கு கதவு கிடைத்தது இ36 தலைமுறையில், 1994-இல். ஆக உங்கள் வாக்குவாதத்தில் மெர்சிடீஸ் பக்கம் நின்றவர் ஜெயித்தார்.

ஆனால் இந்த இரண்டு கார்களின் பின்சக்கரங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது அந்த வாக்குவாதத்தைவிட சுவாரசியம். 1982-இல் 190 அறிமுகமானபோதே அதில் மல்டி லிங்க் ரியர் சஸ்பென்ஷன் இருந்தது, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஐந்து லிங்க். ஏன் ஐந்து? வெட்டவெளியில் இருக்கும் ஒரு பொருள் ஆறு விதமாக நகரலாம்: மேல்–கீழ், முன்–பின், இட–வலம், அப்புறம் மூன்று அச்சுகளிலும் சுழற்சி. ஒவ்வொரு லிங்க்கும் அதில் ஒன்றைக் கட்டிப்போடும். ஐந்தைக் கட்டிப்போட்டால் மிஞ்சுவது ஒன்று, அதுதான் சக்கரம் மேலும் கீழும் ஆடுவது. ஒவ்வொரு லிங்க்கின் நீளத்தையும் கோணத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், அந்த ஒரே அசைவின்போது சக்கரம் எவ்வளவு சாய வேண்டும், எவ்வளவு உள்பக்கம் திரும்ப வேண்டும் என்று இன்ஜினீயர் தீர்மானிக்க முடிகிறது. இன்று நல்ல செடான் எதை எடுத்தாலும் பின்னால் இந்தச் சிந்தனையின் ஏதாவது ஒரு வடிவம் இருக்கும். என்னைக் கேட்டால் கடந்த ஐம்பது ஆண்டுகளில் செடான் கார்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பொறியியல் பரிசு அதுதான், எந்த இன்ஜினையும்விட.

இ30 என்ற அந்த முதல் எம்3-இல் பின்னால் பழைய செமி டிரெயிலிங் ஆர்ம்தான். ஒரு சக்கரத்துக்கு ஒரே ஆர்ம், சாய்வான ஒரு கீல். சக்கரம் மேலே போனாலும் கீழே வந்தாலும் அதன் கோணம் மாறிக்கொண்டே இருக்கும், வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வரப் பார்க்கும். அந்த அடிப்படையை வைத்துக்கொண்டே பிஎம்டபிள்யூவின் மோட்டார்ஸ்போர்ட் பிரிவு செய்ததுதான் பாராட்டத் தக்கது: முன்சக்கரத்தின் காஸ்டர் கோணத்தை (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) நன்றாகக் கூட்டினார்கள், ஆன்டி ரோல் பாரைக் கீழ் ஆர்மிலிருந்து எடுத்து ஸ்ட்ரட்டில் நேராக மாட்டினார்கள், ஃபெண்டர்களை அகலமாக்கினார்கள், பின்கண்ணாடியின் சாய்வைக்கூட காற்றுக்காக மாற்றினார்கள். எடை ஏறத்தாழ 1,200 கிலோ. 2.3 லிட்டர், நான்கு சிலிண்டர், 200-க்குக் கொஞ்சம் முன்பின்னாக பிஎஸ், அவ்வளவுதான். எடை இல்லாத காரில் சாதாரண சஸ்பென்ஷனும் நன்றாக வேலை செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

கேள்வி: ஃப்ரன்ட் வீல் டிரைவில் நல்ல ஸ்போர்ட்ஸ் செடான் சாத்தியமே இல்லையா?

சாத்தியம். பெஜோ 405 எம்ஐ16, 1987-இல் வந்தது, 1.9 லிட்டர், 160 பிஎஸ், லேசான உடம்பு. வளைவில் காலைக் கொஞ்சம் எடுத்தால் மூக்கு உள்ளே வரும், பின்பக்கம் பதமாகப் பின்தொடரும். சவாரியும் மென்மை. ஆல்ஃபா 156 முன்னால் டபுள் விஷ்போனோடு வந்தது, ஃப்ரன்ட் வீல் டிரைவ் செடானில் அது அபூர்வம். 200 பிஎஸ்-ஐத் தாண்டும்போதுதான் சிக்கல்: திருப்புவதும் இழுப்பதும் ஒரே டயரின் வேலை என்றால் அது ஏதோ ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்யும்.

கேள்வி: பழைய கார்களில் ஸ்டீயரிங் பேசும், புதியவற்றில் பேசாது என்கிறார்கள். இது வெறும் பழமைப் பாசமா?

இல்லை, இதற்குக் கணக்கு இருக்கிறது.

வளைவில் டயர் தரையைப் பக்கவாட்டில் பிடிக்கும்போது, அந்த விசை டயர் தரையைத் தொடும் பகுதியின் நடுவில் செயல்படுவதில்லை, சற்றுப் பின்னால் தள்ளிச் செயல்படுகிறது. அந்தச் சின்னத் தூரம் ஒரு நெம்புகோலாகி ஸ்டீயரிங்கை நேராக்கப் பார்க்கிறது. கையில் நாம் உணரும் கனத்தில் பெரும்பங்கு அது. டயர் தன் எல்லையை நெருங்க நெருங்க அந்தத் தூரம் சுருங்கிக்கொண்டே வரும். பிடி இன்னும் இருக்கும்போதே, அது போவதற்கு முன்னாலேயே, ஸ்டீயரிங் கையில் லேசாகிறது. டயர் "இதற்கு மேல் கேட்காதே" என்று முன்கூட்டியே சொல்லும் செய்தி அது. நல்ல ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் அந்தச் செய்தி ரேக் (முன்சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு) வழியாக, கம்பி வழியாக, அப்படியே கைக்கு வரும்.

எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் நடுவில் ஒரு மோட்டார் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த மோட்டாரின் சுழலும் எடை, அதன் கியரின் உராய்வு இரண்டும் சின்னச் சின்ன அதிர்வுகளை விழுங்கிவிடுகின்றன. போதாததற்கு, பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீயரிங் உதறக் கூடாது என்று சாஃப்ட்வேர் வடிகட்டும்போது, உதறலோடு சேர்த்துச் செய்தியும் போய்விடுகிறது. 3 சீரிஸ் எஃப்30 தலைமுறையில் முழுக்க எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்குக்கு மாறியபோது இதைப் பலரும் உணர்ந்தார்கள். நிறுவனங்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, பம்ப் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதால் எரிபொருள் மிச்சம், லேன் அசிஸ்ட், தானாக பார்க் செய்வது எதுவும் மோட்டார் இல்லாமல் நடக்காது.

இன்னொரு குற்றவாளியை யாரும் கவனிப்பதில்லை: டயர். முதல் எம்3-இல் டயர் அகலம் 205. இன்றைய எம்3 காம்பெட்டிஷனில் முன்னால் 275. அகலமான, சுவர் குட்டையான டயர் எல்லை வரை கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு விடும்போது சட்டென்று விடும். நடுவில் பேசுவதற்கு அதற்கு நேரமே இல்லை.

பழையதெல்லாம் பேசியது என்றும் நினைத்துவிடாதீர்கள். எல்லோரும் கொண்டாடும் இ39 எம்5, 4.9 லிட்டர் வி8, 400 பிஎஸ், 1998-இல் வந்தது. அதில் ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங்கே கிடையாது. வி8 போட்ட பிறகு ரேக்குக்கு இடமில்லாததால் சின்ன இரும்புக் குண்டுகள் உருண்டு வேலை செய்யும் பழைய ரீசர்குலேட்டிங் பால் வகைதான். நேர்நிலையைச் சுற்றிக் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் காரை நம்பி ஓட்டலாம், காரணம் இருக்கையும் பெடல்களும் பாடியும் மிச்ச செய்தியைக் கொண்டுவந்து தந்துவிடுகின்றன.

கேள்வி: சி63-இல் வி8-ஐ எடுத்துவிட்டு நான்கு சிலிண்டரும் மோட்டாரும் வைத்தார்களே, பேப்பரில் 680 பிஎஸ். பின் ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

சத்தம் போனது ஒரு காரணம், அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு உறுத்துவது தராசில் தெரியும் எண்: 2,111 கிலோ. முந்தைய வி8 காரைவிட 300 கிலோவுக்கு மேல் அதிகம்.

தொழில்நுட்பத்தைத் தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் வியக்க வைக்கிறது. 2.0 லிட்டர் இன்ஜினின் டர்போவுக்குள்ளேயே ஒரு மின்மோட்டார், புகைக்காற்று வரும்வரை காத்திருக்காமல் டர்போவைச் சுழற்றிவிட. பின் ஆக்ஸிலில் 150 கிலோவாட் மோட்டார், அதற்குத் தனியாக இரண்டு கியர். பேட்டரி 6.1 கிலோவாட் மணி மட்டுமே, தூரம் ஓடுவதற்கல்ல, வேகமாகக் கொடுத்து வேகமாக வாங்குவதற்கு. ஒவ்வொரு செல்லையும் சுற்றித் திரவம் ஓடிக் குளிர்விக்கிறது. எடையைச் சமாளிக்கப் பின்சக்கரங்களையும் 2.5 டிகிரி வரை திருப்புகிறார்கள். மூக்கும் லேசாகிவிட்டது, அது உண்மையான லாபம். ஆனால் இவ்வளவும் சேர்ந்து தீர்ப்பது, பெரும்பாலும், இவ்வளவையும் சேர்த்ததால் வந்த எடையை. பிஎம்டபிள்யூவின் இன்றைய எம்5-உம் இதே வழியில் போய் 2,400 கிலோவைத் தாண்டிவிட்டது. நேரில் ஓட்டும்போது அந்த எடையை ஸ்டீயரிங்கில் மறைத்துவிடுகிறார்கள். பிரேக்கில் மறைக்க முடிவதில்லை.

கேள்வி: எம்3, எம்5 எல்லாம் ஆல் வீல் டிரைவ் ஆனது நல்லதா, கெட்டதா?

600 பிஎஸ்-ஐ இரண்டு டயர் வழியாகத் தரையில் இறக்க முடியாது, ஆகவே அவசியம். 2017-இன் எம்5-இல் முதலில் வந்தபோதே சரியாகச் செய்தார்கள்: இயல்பாகப் பவர் பின்னால்தான், தேவைப்படும்போது ஒரு மல்டி பிளேட் கிளட்ச் முன்னாலும் அனுப்பும், வேண்டாம் என்றால் முன்பக்கத்தை முழுக்கத் துண்டித்து ரியர் வீல் டிரைவாக மாற்றிக்கொள்ளலாம். ஈர ரோட்டில் அது கொடுக்கும் நம்பிக்கையை நான் குறைவாக மதிக்க மாட்டேன்.

கேள்வி: டெஸ்ட் டிரைவில் கிடைப்பது கொஞ்ச நேரம். ஹேண்ட்லிங் நல்லதா என்று அதற்குள் எப்படித் தெரிந்துகொள்வது?

வேகமாகப் போக வேண்டியதே இல்லை. நேர்ரோட்டில் நிதானமாகப் போகும்போது ஸ்டீயரிங்கை ஒரு விரலளவு திருப்பிப் பாருங்கள். உடனே மூக்கு அசைகிறதா, இல்லை முதலில் ஒன்றுமில்லாமல் பிறகு சட்டென்று அசைகிறதா? இரண்டாவது என்றால் அந்தக் காரோடு எப்போதும் சின்னச் சின்னத் திருத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும், நீண்ட பயணத்தில் அலுத்துவிடும்.

அடுத்து, ஒரு ரவுண்டானாவை மெதுவாகச் சுற்றும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டுங்கள், கொஞ்சம் குறையுங்கள். ஸ்டீயரிங்கை மேலும் திருப்பாமலே காரின் பாதை சற்று விரிந்து, சற்றுச் சுருங்கினால் அது நல்ல சேஸிஸ். காலுக்கு எந்தப் பதிலுமே வராத கார் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஓட்டுவதற்குச் சுவை இல்லாத கார். பிறகு வளைவின் நடுவில் ஒட்டுப்போட்ட இடம், பள்ளம் ஏதாவது இருக்கும் ரோட்டைத் தேடிப் போங்கள். சக்கரம் ஒருமுறை அமுங்கி எழுந்து அடங்க வேண்டும். இரண்டு, மூன்று முறை ஆடினால் டேம்பர் சரியில்லை. கார் முழுதாகப் பக்கவாட்டில் ஒரு அடி எடுத்து வைத்தால் ஸ்பிரிங் ரோட்டுக்கு மிஞ்சிய கெட்டி. ஸ்போர்ட் மோடில் கார் நன்றாகத் தெரிந்தால் ஏமாறாதீர்கள், ஸ்டீயரிங்கில் கனத்தைக் கூட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். கம்ஃபர்ட் மோடிலேயே நன்றாக இருக்கும் காரை நம்புங்கள்.

பயன்படுத்திய கார் என்றால் முதல் சந்தேகம் புஷ்கள்மேல் இருக்கட்டும். இ36, இ46 தலைமுறை 3 சீரிஸில் முன் கன்ட்ரோல் ஆர்மின் பின்புஷ் தேய்வது எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த விஷயம். ரப்பர் விட்டுப்போனால் பிரேக் போடும்போது ஸ்டீயரிங் உதறும், கார் லேசாக அலையும். அந்தச் சின்ன ரப்பரை மாற்றி, அலைன்மென்ட்டைச் சரிசெய்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் அதே கார்தானா என்று சந்தேகம் வரும்.

கேள்வி: எல்லாவற்றையும் விடுங்கள். இன்றைய நிலையில் ஓட்டும் சுகத்துக்காக ஒரே ஒரு ஐரோப்பிய செடான் என்றால் எது?

ஜூலியா, ஆனால் குவாட்ரிஃபோலியோ இல்லை. 2.0 லிட்டர் டர்போ, 280 பிஎஸ், ரியர் வீல் டிரைவ், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலோடு வந்த வெலோசே. அதே பிளாட்ஃபார்ம், அதே முன்சஸ்பென்ஷன், அதே வேகமான ஸ்டீயரிங், அதே கார்பன் டிரைவ்ஷாஃப்ட், ஆனால் மூக்கில் வி6-க்குப் பதில் லேசான நான்கு சிலிண்டர். பவர் போதும் போதாததுமாக இருப்பதால் அதை முழுக்கப் பயன்படுத்தி ஓட்டலாம். உள்ளே பிளாஸ்டிக்கின் தரம் ஜெர்மன் கார்களுக்கு இணை இல்லை, திரையும் கொஞ்சம் பழசு. அது உங்களுக்குப் பெரிய குறை என்றால் 3 சீரிஸின் ஆறு சிலிண்டர் கார் எடுங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். எது எடுத்தாலும் இருப்பதில் மிகப் பெரிய வீலைக் கேட்டு வாங்காதீர்கள். ஒரு அங்குலம் சின்ன வீலும் கொஞ்சம் உயரமான டயர் சுவரும் இந்த இரண்டு கார்களுக்குமே நன்றாகப் பொருந்தும்.